வேனிலுக்குள் ஒரு பின்பனி

(இலக்கிய வட்டத்தின் திங்கள் அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திணைகளுக்குப் பொழுது வகுத்த தொல்காப்பியர் பாலைக்கு வேனிலை உரிமையாக்கினார். அதில் வியப்பில்லை. நீர் வற்றிய சுரமும் நிழல் தராத மரமும் வேனிலுக்கே உரியவை. ஆயினும் அவர் அத்துடன் அமையவில்லை. பின்பனிப் பருவமும் அத்திணைக்கு உரியதே என்று தனியே ஒரு விதி செய்தார். வெம்மையால் பெயர் பெற்ற திணையிலும் குளிர்ந்த பொழுது ஒன்று உண்டு என்பதையும், பெரும்பான்மையைச் சுட்டும் பெயர் சிறுபான்மையை அழித்துவிடலாகாது என்பதையும் அவ்விதி நமக்கு உணர்த்துகிறது.

பூமியின் நெடிய வரலாற்றிலும் வெம்மையால் பெயர் பெற்ற காலங்கள் உண்டு. நிலவியல் அறிஞர் அவற்றைப் பசுமை இல்லக் காலங்கள் என்பர். அந்தக் காலங்களிலும் பின்பனி உண்டா? உண்டெனில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருகி மறைந்த குளிருக்கு இன்று சாட்சி சொல்வது எது? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருளாகும். விடை தேடும் முறை இலக்கிய ஆராய்ச்சிக்கு அயலானதன்று. சிதைந்த ஏட்டையும் எஞ்சிய மேற்கோளையும் கொண்டு மறைந்த நூலை உய்த்துணரும் வழக்கம் தமிழறிஞர்க்குப் பழகியதே.

பெயரும் அதன் தகுதியும்

துருவங்களில் நிலையான பெரும் பனிப்பாளங்கள் இருக்கும் காலத்தைப் பனி இல்லக் காலம் என்றும், அவை இல்லாத காலத்தைப் பசுமை இல்லக் காலம் என்றும் பிரிப்பர். கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் பனி போர்த்திருப்பதால் நாம் வாழ்வது பனி இல்லக் காலமே. பசுமை இல்லக் காலங்களுள் நன்கு ஆராயப்பட்டது கிரிட்டேசியக் காலம். அது 14 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. 1822இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் தோமாலியுஸ் தல்லுவா இப்பெயரை வழங்கினார். சுண்ணத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இங்கிலாந்தின் தென்கரையில் வெண்மதில்போல் நிற்கும் சுண்ணப் பாறைகள் அக்காலத்துக் கடலின் அடியில் படிந்தவை.

அக்காலம் வெம்மையானது என்பதற்குச் சான்றுகள் பல. பலாவின் இனத்தைச் சேர்ந்த சீமைப்பலாவின் புதைபடிவங்களைக் கிரீன்லாந்திலிருந்து பெற்று, 1890இல் சுவீடன் நாட்டு ஆல்ஃபிரட் நத்தோர்ஸ்ட் விவரித்தார். இன்று வெப்ப மண்டலத் தீவுகளில் காய்க்கும் மரத்தின் உறவு ஒரு காலத்தில் வடதுருவ வட்டத்தை ஒட்டி இலை விரித்திருந்தது. கனடாவின் வடகோடியிலுள்ள ஆக்செல் ஹைபர்க் தீவில் முதலையை ஒத்த ஊர்வன விலங்கின் எலும்புகள் கிடைத்த செய்தி 1998இல் வெளிவந்தது. உறைபனி நீடிக்கும் குளிர்காலத்தை அத்தகைய விலங்கு தாங்காது.

தென்முனைச் சான்று இன்னும் வியப்புக்குரியது. 2017இல் போலார்ஸ்டெர்ன் என்னும் ஆய்வுக்கப்பல் மேற்கு அண்டார்க்டிகாவை அடுத்த அமுன்சென் கடலின் அடித்தரையைத் துளைத்தது. மேலே வந்த மண்ணில் வேர்கள் பின்னிக் கிடந்தன. மகரந்தமும் வித்துத்தூளும் நிறைந்திருந்தன. அது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற காட்டின் மண். அக்காடு அன்றைய தென்துருவத்திலிருந்து சுமார் 900 கிலோமீட்டர் தொலைவில், நான்கு திங்கள் நீளும் இரவின் கீழ் வளர்ந்தது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 12 அல்லது 13 பாகை செல்சியஸ் இருந்திருக்கும் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கினும் மிகுந்திருந்தால்தான் இது கூடும். ஆகவே பசுமை இல்லக் காலம் என்னும் பெயர் தகுதியுடையதே. அப்பெயர் முழுமையானதா என்பதே கேள்வி.

உருகிய படிகத்தின் வடிவம்

குளிருக்குச் சான்று தேடுவோர்க்கு முதல் இடர்ப்பாடு குளிரின் இயல்பிலேயே உள்ளது. பனி உருகினால் ஒன்றும் எஞ்சுவதில்லை. மரம் கல்லாகும், எலும்பு கல்லாகும், உறைந்த நீர் கல்லாவதில்லை. எனினும் இயற்கை ஒரு விதிவிலக்கை வைத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கிளெண்டன் என்னும் ஊருக்கருகே, முள்ளம்பன்றியின் முட்கள்போல் எல்லாப் பக்கமும் கூர்முனை நீட்டிய கற்கள் கிடைத்தன. 1905இல் எட்ஜ்வொர்த் டேவிட்டும் அவருடைய துணைவரும் அவற்றுக்குக் கிளெண்டனைட் என்று பெயரிட்டனர். அக்கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கால்சைட் என்னும் சாதாரணச் சுண்ணக்கனிமம். ஆனால் கால்சைட் அந்த வடிவில் படிகமாவதில்லை. வேறொரு கனிமம் முதலில் அவ்வடிவில் வளர்ந்து, பின்னர் மறைந்து, விட்டுச்சென்ற வடிவத்திற்குள் கால்சைட் குடியேறியிருக்க வேண்டும். குடியிருந்து மறைந்த அந்தக் கனிமம் எது என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் விடையற்ற வினாவாகவே நின்றது.

1963இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் பௌலி ஒரு புதிய கனிமத்தை அறிவித்தார். கிரீன்லாந்தின் தென்மேற்கில் இக்கா என்னும் ஒடுங்கிய கடற்கழியின் அடியில், நீருக்குள்ளேயே தூண்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் சில 20 மீட்டர் அளவுக்கு உயர்ந்தவை. அத்தூண்களின் பொருளுக்கு இக்காயிட் என்று பெயர். சுண்ணத்தின் ஒரு மூலக்கூறு நீரின் ஆறு மூலக்கூறுகளைத் தன்னோடு பிணைத்துக்கொண்ட படிகம் அது. கடும் குளிர் நீரில்தான் அது இயற்கையில் நிலைத்திருக்கிறது. 7 பாகை செல்சியசுக்குக் கீழ் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. வெளியே எடுத்துச் சூடு பட வைத்தால் நீர் பிரிந்து ஓட, எஞ்சிய சுண்ணம் சிறு துகளாகிவிடும். பருமனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது.

அண்டார்க்டிகாவை அடுத்த பிரான்ஸ்ஃபீல்டு நீரிணையின் ஆழ்கடற் சேற்றில், உறைநிலைக்குச் சற்றுக் கீழான நீரில், இக்காயிட் படிகங்கள் வளர்வதை 1982இல் ஒரு குழு அறிவித்தது. அவற்றின் வடிவம் கிளெண்டனைட்டின் வடிவத்தோடு ஒத்திருந்தது. பழைய புதிர் அவிழ்ந்தது. சேற்றுக்குள் இக்காயிட் வளர்கிறது. சூழல் வெதுவெதுப்படையும்போது அது கரைகிறது. சேறு அதற்குள் இறுகிவிட்டபடியால் அச்சு மட்டும் நிற்கிறது. அவ்வச்சைக் கால்சைட் நிரப்புகிறது. தகடூர் யாத்திரை முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. உரைகளும் திரட்டும் காத்த சில பாடல்களே அப்படியொரு நூல் இருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கின்றன. கிளெண்டனைட்டும் மறைந்த குளிருக்கு அத்தகைய சாட்சியே.

இனி முதன்மையான செய்திக்கு வரலாம். கிளெண்டன் ஊரின் கற்கள் பழைய பனி இல்லக் காலமொன்றைச் சேர்ந்தவை. அங்கே அவை இருப்பதில் முரண் இல்லை. ஆனால் அதே வடிவக் கற்கள் கனடாவின் ஆர்க்டிக் தீவுகளிலும் ஸ்வால்பார்டிலும் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலும் கிரிட்டேசியப் பாறைகளுக்குள்ளேயே கிடைத்தன. 1980களில் கெம்பர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கனடியத் தீவுகளின் கிளெண்டனைட்டுகளை ஆராய்ந்து, வெம்மையான அக்காலத்தின் முற்பாதியில் குளிர்ந்த இடைவேளைகள் இருந்தன என்று வாதிட்டார். அவை எல்லா அடுக்கிலும் இல்லை. குறிப்பிட்ட அடுக்குகளிலேயே திரண்டுள்ளன. கால அட்டவணையில் வலாஞ்சினியன், ஆப்டியன் என வழங்கும் பகுதிகள் அவற்றுள் குறிக்கத்தக்கன. எனவே குளிர் அக்காலத்தின் பொது இயல்பு அன்று. அது வந்து போன பருவம்.

ஒரு எச்சரிக்கையும் உடன் வேண்டும். தக்க வேதிச் சூழல் அமைந்தால் 7 பாகையினும் வெதுவெதுப்பான நீரிலும் இக்காயிட் தோன்றக்கூடும் என்று அண்மை ஆண்டுகளின் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதலாகாது. வேறு சாட்சிகளும் வேண்டும்.

சேற்றில் விழுந்த பெருங்கல்

தென் ஆஸ்திரேலியாவில் ஒப்பல் மணிக்கற்களுக்குப் பெயர் பெற்ற கூபர் பீடி வட்டாரத்தில் புல்டாக் களிப்பாறை என்றோர் அடுக்கு உண்டு. அது அமைதியான கடலில் மென்சேறாகப் படிந்தது. அச்சேற்றுக்குள் கூழாங்கற்களும் உருண்ட பாறைகளும் தனித்தனியே பதிந்து கிடக்கின்றன. சிலவற்றின் குறுக்களவு மூன்று மீட்டரையும் தாண்டும். மென்சேற்றை மட்டுமே சுமக்கவல்ல நீரோட்டம் அப்பாறையை உருட்டி வந்திருக்க இயலாது. மேலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். கடலின் நடுவே மேலிருந்து கல் விழுவது எப்படி?

1988இல் லாரன்ஸ் ஃபிரேக்சும் ஜேன் ஃபிரான்சிசும் இதற்கு விடை கூறினர். கரையில் குளிர்காலத்தில் உறைந்த பனி கல்லைக் கவ்விக்கொள்கிறது. இளவேனிலில் பெயர்ந்து மிதந்து செல்கிறது. நடுக்கடலில் உருகிக் கல்லைக் கைவிடுகிறது. ஆஸ்திரேலியா அன்று அண்டார்க்டிகாவோடு ஒட்டித் தென்துருவத்தை நெருங்கிக் கிடந்தது என்பதை நினைத்தால் இவ்விளக்கம் பொருந்தும்.

மறுப்பும் எழுந்தது. வெள்ளத்தில் சாய்ந்து கடலுக்குச் செல்லும் மரங்கள் தம் வேர்ப்பிடிக்குள் கற்களைச் சுமந்து சென்று உதிர்க்கும் என்று சிலர் எடுத்துக்காட்டினர். அதுவும் நடக்கக்கூடியதே, துருவக் காடுகள் இருந்த காலம் அல்லவா? ஆனால் அதே களிப்பாறையில் கிளெண்டனைட்டும் கிடைக்கிறது. இரண்டு சாட்சிகளும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒன்று கல்லின் பயணம், மற்றொன்று படிகத்தின் வேதியியல். ஓரிடத்தில், ஓரடுக்கில், இரண்டும் குளிரென்றே சொல்லும்போது சான்றின் வலிமை கூடுகிறது. பின்னர் 2003இல் ஆலியும் ஃபிரேக்சும் தென் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைப்பகுதியில் பனியாறு நேரே விட்டுச்சென்றதாகக் கருதத்தக்க கிரிட்டேசியப் படிவை விவரித்தனர்.

நிலத்து விலங்குகளின் பல்லும் எலும்பும் கூடச் சாட்சி சொல்லின. சீனத்தின் வடகிழக்கிலுள்ள லியாவோனிங் மாநிலம் இறகு போர்த்த டைனோசர்களின் புதைபடிவங்களால் உலகப் புகழ் பெற்றது. கிழக்காசிய டைனோசர்களின் ஆக்சிஜனை அளந்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. முற்காலக் கிரிட்டேசியத்தில் அப்பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 10 பாகையே என்று அது கணித்தது. நான்கு பாகை கூடவோ குறையவோ இருக்கலாம். மறுஆண்டில் அதே மாநிலத்திலிருந்து யூடைரானஸ் என்னும் விலங்கு அறிவிக்கப்பட்டது. ஒன்பது மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1,400 கிலோகிராம் எடையும் கொண்ட அவ்வேட்டை விலங்கின் உடலில் நீண்ட இழையிறகுகள் இருந்தன. பேருடல் தன் வெப்பத்தைத் தானே காக்கும். அதற்கு இறகுப் போர்வை எதற்கு? குளிரே காரணமாகலாம் என்று கண்டுபிடித்தோர் கருதினர். இது கருத்து, முடிந்த முடிபன்று.

ஓட்டில் எழுதிய குளிர்காலம்

மூன்றாம் சாட்சி எழுத்தறிந்தது என்றே சொல்லலாம். கணவாயின் பண்டை உறவினமான பெலம்னைட் என்னும் கடலுயிரியின் உடலுக்குள் அம்புமுனை போன்ற சுண்ணக்கூடு உண்டு. மரத்தின் ஆண்டு வளையம்போல் அக்கூடு படிப்படியாக வளரும்.

ஆக்சிஜனில் எடை குறைந்த அணுவும் எடை மிகுந்த அணுவும் உண்டு. நீர் குளிர்ந்திருக்கும்போது கட்டப்படும் ஓட்டில் எடை மிகுந்த அணு சற்றுக் கூடுதலாகச் சேரும். ஆகவே ஓட்டின் ஆக்சிஜனை அளந்தால் அது வளர்ந்த நீரின் வெப்பநிலையை அறியலாம் என்னும் நெறியை 1947இல் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரி வெளியிட்டார். 1951இல் அவரும் துணைவரும், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த பெலம்னைட் ஒன்றை வளையம் வளையமாகச் சுரண்டி அளந்தனர். அது கிரிட்டேசியத்திற்கு முந்திய ஜுராசிக் காலத்தது; அதுவும் பசுமை இல்லக் காலமே. அவ்வுயிர் தன் இளமைக்குப் பின் மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டது. ஏறத்தாழ நான்கு வயதில் ஓர் இளவேனிலில் இறந்தது. நீரின் சராசரி வெப்பம் 17 பாகைக்கு மேல். பருவத்தின் ஏற்றத்தாழ்வு ஆறு பாகை. பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பெயரற்ற ஒரு கடலுயிரியின் குளிர்காலங்களை மனிதன் எண்ணிவிட்டான்.

இந்நெறி தமிழகத்து மண்ணையும் தொட்டுள்ளது. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் கிரிட்டேசியக் கடலின் படிவுகள் பரந்து கிடக்கின்றன. 1862இல் எச். எஃப். பிளான்ஃபோர்டு அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் வறண்ட களிமேடுகளில் பெலம்னைட்டுகள் கிடைக்கின்றன. தென்னிந்தியாவிலும் மடகாஸ்கரிலும் கிடைத்த கிரிட்டேசியக் கடலுயிர்களின் ஓடுகளை அளந்து, அக்காலத் தட்பவெப்பத்தின் ஏற்ற இறக்கங்களை ஆராய்ந்த கட்டுரை 2011இல் வெளிவந்தது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் நிலத்தின் அருகே, பழங்கடலின் வெப்பக் கணக்கும் புதைந்து கிடக்கிறது.

வெம்மையே குளிரை ஈன்றது

குளிர் வந்தது என்பதோடு ஏன் வந்தது என்பதும் தெரிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரை அடுத்த கடற்கரையில் வெண்சுண்ணக் குன்றின் நடுவே சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஓடுகிறது. அதற்குப் பிளீனஸ் களிச்சுண்ணம் என்று பெயர். அதிலுள்ள பெலம்னைட் இனத்தின் பெயரே பட்டைக்கும் வந்தது. அந்த இனம் வடகடலின் குளிர்நீருக்கு உரியது. கிரிட்டேசியத்தின் வெப்பம் உச்சத்தை எட்டிய காலமான 9 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், அது தெற்கே இறங்கி இங்கிலாந்திலும் பிரான்சிலும் வாழ்ந்திருக்கிறது. பின் மீண்டும் அகன்றது.

காரணம் கடலின் அடியில் இருந்தது. கரீபியப் பகுதியிலும் பிற இடங்களிலும் கடலடி எரிமலைகள் பெருமளவில் குமுறியமை வெப்பத்தைக் கூட்டியது என்று பலர் கருதுவர். வெதுவெதுப்பான கடலில் சத்து மிகுந்தது, நுண்ணுயிர்கள் பெருகின, அவை மடிந்து அழுகியபோது ஆழ்நீரின் ஆக்சிஜன் தீர்ந்தது. ஆக்சிஜனற்ற அடித்தரையில் உயிர்ப்பொருள் மட்காமல் கருஞ்சேறாகப் புதைந்தது. புதைந்தது வெறும் சேறு அன்று. காற்றிலிருந்து எடுக்கப்பட்ட கரிமம். அவ்வாறு கரியமில வாயு குறைந்தபோது குளிர்ந்தது. பிளீனஸ் குளிர் நிகழ்வு என்று இதனை வழங்குவர். பல பத்தாயிரம் ஆண்டுகள் நீடித்த அக்குளிர், வாயு மீண்டும் பெருகியதும் நீங்கியது. எல்லா இடத்திலும் அது ஒரே அளவில் உணரப்படவும் இல்லை. எனினும் வெம்மையின் மிகுதியே தன்னை அடக்கும் குளிரை ஈன்றது என்பது இந்நிகழ்ச்சியின் சாரம்.

குளிர் வேறு, பனிப்பாளம் வேறு

இதுவரை கூறியவற்றில் குளிர் உறுதிப்படுகிறது. ஆனால் அக்காலத்தில் கண்டத்தை மூடும் பனிப்பாளம் இருந்ததா என்பது வேறு வினா. இவ்விரண்டையும் கலந்து பேசுவதால் குழப்பம் நேர்கிறது.

பனிப்பாளம் வளர்ந்தால் கடல் தாழும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையைத் துளைத்து ஆராய்ந்த கென்னத் மில்லரும் குழுவினரும், கிரிட்டேசியத்தின் பிற்பகுதியில் பத்து இலட்சம் ஆண்டுகளுக்குள் கடல்மட்டம் 25 மீட்டருக்கும் மேல் தாழ்ந்த நிகழ்ச்சிகள் உண்டு என்றனர். அத்தனை விரைவில் அத்தனை நீர் பனியாகியே மறைந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். நிலத்தடி நீராகவும் ஏரிநீராகவும் தேங்கியிருக்கலாமே என்பது எதிர்வாதம்.

2008இல் வாதம் கூர்மையடைந்தது. தென்னமெரிக்காவின் சுரினாம் கரைக்கு அப்பால் டெமராரா மேட்டில் எடுத்த நுண்ணுயிர் ஓடுகளை அளந்த பார்னெமான் குழுவினர், 9 கோடியே 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆண்டுக் காலம், இன்றைய அண்டார்க்டிகப் பனியில் பாதியளவு பனி இருந்தது என்று எழுதினர். பனி எடை குறைந்த ஆக்சிஜனைத் தன்னிடம் தேக்கிக்கொண்டால் கடலில் எடை மிகுந்தது கூடும். அந்த மாற்றமே அவர்களுடைய சான்று. ஐந்தாண்டுகள் கழித்து, தான்சானியாவில் கண்ணாடிபோல் சிதையாமல் கிடைத்த ஓடுகளை மெக்லியோட் குழுவினர் அளந்தனர். அதே காலத்தில் அங்கே அத்தகைய மாற்றம் ஏதும் தென்படவில்லை. கடல் ஒன்றே, பனியால் மாற்றம் நேர்ந்திருந்தால் அது எங்கும் பதிந்திருக்க வேண்டும். அதனையடுத்த காலத்தில் தென்துருவத்தருகே நின்ற காட்டின் வேர்களும் பெரும் பனிப்பாளத்திற்கு இடந்தருவதாக இல்லை.

ஆகவே கிரிட்டேசியத்தில் குளிர்ந்த இடைவேளைகள் இருந்தன என்பது பல சாட்சிகள் ஒத்துரைக்கும் உண்மை. கரையோரப் பனியும் மலைமேற் பனியாறும் சிற்சில காலங்களில் இருந்தன என்பது வலுவான துணிபு. வெம்மை உச்சத்தில் கண்டம் மூடிய பனி இருந்தது என்பது ஐயத்திற்குரியது. துணிந்ததைத் துணிந்ததாகவும் ஐயுற்றதை ஐயமாகவும் உரைப்பதே அறிவின் நேர்மை. பாடபேதங்களைச் சீர்தூக்கும் பதிப்பாசிரியரின் அறமும் இதுவன்றோ?

இதனால் பெறப்படுவது

இச்செய்தியைத் தவறாகக் கையாள்வாரும் உளர். கரியமில வாயு மிகுந்த காலத்திலேயே குளிர் வந்ததெனில், இன்று அவ்வாயு பெருகுவதற்கு அஞ்சுவானேன் என்று வினவுவர். சான்றுகள் கூறுவது இதற்கு நேர்மாறானது. பிளீனஸ் நிகழ்ச்சியில் வாயு குறைந்ததனால்தான் குளிர் வந்தது. வாயு மீண்டதும் வெம்மை மீண்டது. காற்றுக்கும் வெப்பத்துக்கும் உள்ள பிணைப்பை அக்குளிர் மறுக்கவில்லை, உறுதி செய்கிறது.

கால அளவும் எண்ணத்தக்கது. அந்த மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை. நம் காலத்து மாற்றமோ ஒரு சில தலைமுறைகளுக்குள் நிகழ்வது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளவீடு தொடங்கியபோது 315 பங்கை ஒட்டியிருந்தது. 2023இன் ஆண்டுச் சராசரி 420 பங்கைத் தாண்டிவிட்டது. கடல் கருஞ்சேற்றைப் புதைத்து உலகைக் குளிர்விக்கும் என்று காத்திருப்பதானால், அக்காத்திருப்பு எந்த மனிதத் தலைமுறையின் ஆயுளுக்கும் அடங்காது.

எழுத்தை வாழ்வாகக் கொண்ட இவ்வவைக்கு உரிய பயன் இன்னொன்றும் உண்டு. இலக்கிய வரலாறு எழுதுவோர் சங்க காலம், காப்பியக் காலம், பக்திக் காலம் என்று பெயரிடுகின்றனர். பெயரின்றிப் பேச இயலாது. ஆகவே பெயரிடுவது குற்றமன்று. பெயரிட்ட பின் தேடுவதை நிறுத்திவிடுவதே குற்றம். கிரிட்டேசியத்தைப் பசுமை இல்லம் என்று எழுதி முடித்திருந்தால், கனடியத் தீவின் முட்கல்லும் கூபர் பீடியின் பெருங்கல்லும் விளங்காத விந்தைகளாகவே கிடந்திருக்கும். பெயருக்கு அடங்காத சிறு கல்லைப் புறந்தள்ளாமல் கையிலெடுத்துப் பார்த்தவர்களாலேயே அக்காலத்தின் முழு முகம் தெரியவந்தது.

ஒரு காலத்தைப் பாடப் புகும் கவிஞரும் அதன் பெரும்பெயரை மட்டும் பாடினால் போதாது. வேனிலைப் பாடும்போதே அதனுள் வந்து போன பின்பனியையும் கண்டு சொல்லல் வேண்டும். அப்பனி இன்று இராது. அதன் பொருள் உருகிப் போயிருக்கும். ஆயினும் அது இருந்த இடத்தின் வடிவம் எங்கேனும் ஒரு கல்லில், ஓர் ஓட்டில், ஒரு சொல்லில் எஞ்சியிருக்கும். அதனைத் தேடுவோர்க்கே அது கிட்டும்.